சபாவில் பெருமை, தோட்டத்தில் தலைகுனிவு: மதுவின் இரண்டு கதைகள்

மே மாதம் முழுவதும் சபாவின் ஊர்களில் காமாத்தான் அறுவடைத் திருநாள் களைகட்டும். மாநில அளவிலான நிறைவு விழா மே 30, 31 ஆகிய இரு நாள்களில் கோத்தா கினபாலுவை அடுத்த பெனாம்பாங்கில், கடாசான்டூசுன் பண்பாட்டுச் சங்கத்தின் ஹொங்கோட் கொய்சாஆன் வளாகத்தில் நடைபெறும். அந்த இரு நாள்களும் சபாவிலும் லாபுவானிலும் பொது விடுமுறை.

தீபகற்பத்திலிருந்து போகும் பலருக்குத் தெரிந்தது 'உண்டுக் ஙாடாவ்' அழகுராணிப் போட்டியும் 'சுகண்டோய்' பாட்டுப் போட்டியும்தான். ஆனால் அந்த வளாகத்தில் வருகையாளர்கள் அதிக நேரம் செலவிடுவது வேறோர் இடத்தில். பல்வேறு வட்டாரங்களையும் இனக்குழுக்களையும் சேர்ந்தவர்கள் தங்கள் பாரம்பரிய வீடுகளின் மாதிரிகளை அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வட்டாரத்துச் சமையல் இருக்கும். கூடவே அந்த வட்டாரத்து அரிசி மதுவும் இருக்கும். படியேறி வருபவரை உட்கார வைத்து, மூங்கில் குவளையில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, எந்த ஊர், எந்த அரிசி, எத்தனை நாள் ஊறியது என்று சொல்லுவார்கள். சொல்பவர் பெரும்பாலும் அதைச் செய்தவராகவோ செய்தவரின் உறவினராகவோ இருப்பார்.

மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டான 2026இல் இப்படிப்பட்ட விழாக்களுக்குச் சுற்றுலா விளம்பரங்களில் தனி இடம் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுத் திராட்சை மது விழாக்களைப் போலவே இங்கேயும் வட்டார மதுவைச் சுவைக்கலாம், செய்தவரையே பார்த்துப் பேசலாம் என்பது ஈர்ப்பு.

இதே நாட்டில் தோட்டப்புறத் தமிழர்களுக்கும் ஒரு மது இருந்தது. தென்னம்பாளையில் இறக்கிய கள். அதைப் பற்றி விழா எடுக்க யாரும் நினைத்ததில்லை. கள் என்ற சொல்லே நம் வீடுகளில் வசைச்சொல்லாகிவிட்டது. இரண்டுமே புளித்த மது, இரண்டுமே உழைக்கும் மக்களுடையது. ஒன்று பாரம்பரியமாகவும் மற்றொன்று அவமானமாகவும் ஆனது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், இன்று நம் சமூகத்தில் குடிப் பழக்கம் பற்றி நடக்கும் பேச்சில் என்ன விடுபட்டுப் போகிறது என்பது தெரியும்.

வீட்டுக்கு வீடு வேறு சுவை

காமாத்தான் என்றால் அறுவடை. கடாசான்டூசுன் மக்களின் தொன்மக் கதைப்படி, நாட்டில் பஞ்சம் வந்தபோது கினோயிங்ஙான் என்ற கடவுள் தம் மகள் ஹூமினோடுனைப் பலி கொடுத்தார். அவள் உடலிலிருந்து நெல்லும் மற்ற பயிர்களும் முளைத்தன. ஆகவே நெல்லுக்கு உயிர் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. 'போபோஹிசான்' எனப்படும் பூசாரிப் பெண்கள் அந்த நெல்லின் ஆவியை வீட்டுக்குத் திரும்ப அழைக்கும் சடங்கைச் செய்வார்கள். அந்தச் சடங்கிலும் விருந்திலும் அரிசி மதுவுக்குப் பங்கு உண்டு. நம் பொங்கல் பானைக்கு இருக்கும் மரியாதையை நினைத்துப் பார்த்தால், அந்த மது ஜாடிக்கு அங்கே என்ன மரியாதை என்பது புரியும்.

பெனாம்பாங் பக்கத்தில் இதற்கு 'லிஹிங்' என்று பெயர். புளுட் அரிசியைச் சோறாக்கி, நன்றாக ஆறவிட்டு, 'சசாட்' எனப்படும் புளிப்புக் கட்டியைப் பொடித்துத் தூவிக் கலந்து, ஜாடியில் போட்டு மூடி வைப்பார்கள். அரிசி மாவோடு சில காரப் பொருள்களைச் சேர்த்து உருட்டிக் காயவைத்ததுதான் சசாட். சில நாள்களில் சோறு நீர்விடத் தொடங்கும். வாரக்கணக்கில் ஊறிய பிறகு வடித்தால் தேன் நிறத்தில், இனிப்பும் புளிப்புமாக லிஹிங் கிடைக்கும். அதை ஊற்றிச் செய்யும் கோழி சூப் சபா உணவகங்களில் இன்று பிரபலம்.

உள்நாட்டு மூருட் மக்களிடம் போனால் அங்கே 'தாப்பாய்'. அரிசியில் மட்டுமன்றி மரவள்ளிக் கிழங்கிலும் செய்வார்கள். ஜாடியை அப்படியே நடுவில் வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, நீண்ட குழலால் உறிஞ்சிக் குடிப்பார்கள். ஒருவர் எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு ஜாடியின் வாயில் ஓர் அளவுக்குறி இருக்கும். நீர்மட்டம் அந்தக் குறிக்கு இறங்கியதும் அடுத்தவர் முறை.

சபாவின் மேற்குக் கரையில் 'பாஹார்' என்றும் ஒன்று உண்டு. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாற்றில் ஒரு மரப்பட்டையைப் போட்டு ஊறவைப்பது. சுருங்கச் சொன்னால், அது கள். நம் தாத்தாக்கள் குடித்த அதே கள்ளுக்கு அங்கே ஒரு பட்டையின் மணம் கூடுதல்.

சரவாக்கில் ஜூன் 1ஆம் தேதி காவாய் டாயாக். 1965 முதல் அது முறையாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அங்கே அரிசி மதுவுக்குப் பெயர் 'துவாக்'. தீபகற்பத்தில் மலாய்க்காரர்கள் துவாக் என்றால் பனை, தென்னை மரத்துக் கள்ளைச் சொல்வார்கள். சரவாக்கில் அதே சொல் அரிசி மதுவைக் குறிக்கும். காவாய்க்கு முந்தைய இரவு நடுநிசியில் நீண்ட வீட்டில் எல்லாரும் கூடி, நீண்ட ஆயுளை வேண்டி ஒன்றாகத் துவாக் அருந்துவது இபான் மக்களின் வழக்கம்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. செய்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். செய்முறையைத் தாயிடமோ பாட்டியிடமோ கற்றவர்கள். கை சுத்தமாக இருக்க வேண்டும், புளிப்பான பொருள் பக்கத்தில் வரக்கூடாது என்பன போன்ற விலக்குகள் உண்டு. அறுவடை, திருமணம், விருந்தாளி வருகை என்று குடிப்பதற்கு ஒரு காரணமும் காலமும் உண்டு. மது கெட்டுப்போனால் அவப்பெயர் அந்த வீட்டுக்கு. நன்றாக வந்தால் பெருமையும் அந்த வீட்டுக்குத்தான்.

தோட்டத்துக் கள்ளுக்கடை

இனி நம் பக்கம் வருவோம்.

தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர்களுக்குக் கள் புதிதல்ல. மரம் ஏறிப் பாளை சீவத் தெரிந்தவர்களும் வந்தவர்களில் இருந்தார்கள். காலை, மாலை இரு வேளையும் மரம் ஏறி, பாளையின் நுனியைச் சீவி, கலயத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது கைத்திறன் வேண்டும் தொழில். இறக்கிய சாறு தானாகவே புளிக்கும். ஒரு நாள் கடந்தால் புளித்துக் காடியாகிவிடும். ஆக, கள் அன்றன்றைக்கு, அந்தந்த இடத்திலேயே குடித்து முடிக்கப்பட வேண்டியது.

மலாயாவில் அந்தத் தொழிலைக் காலனி அரசும் தோட்ட நிர்வாகமும் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. உரிமம் இல்லாமல் கள் இறக்கக் கூடாது. நகரங்களில் அரசுக் கள்ளுக்கடைகள். தோட்டங்களில் நிர்வாகத்தின் பொறுப்பில் கள்ளுக்கடைகள். வேலை முடிந்து வரும் வழியிலேயே கடை. சம்பளம் கொடுத்தவரின் மேற்பார்வையிலேயே அந்தச் சம்பளத்தின் ஒரு பகுதி திரும்பி வந்தது. கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. தொழிலாளி குடித்தால்தான் தொழிலாளியின் நலனுக்குப் பணம் வரும் என்பது அதன் பொருள்.

கடைகளை மூடச் சொல்லிக் கோரிக்கை எழுந்தபோதெல்லாம் நிர்வாகங்கள் ஒரே பதிலைச் சொல்லின. கள் இல்லாவிட்டால் தொழிலாளர்கள் கள்ளச் சம்சுவைத் தேடிப் போவார்கள், அது இன்னும் கெடுதல் என்பது அந்தப் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காலையில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போகும் ஒருவருக்கு மாலையில் போக வேறு இடம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமில்லை.

இங்கே சபாவுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு வெளிச்சமாகிறது. லிஹிங் செய்த பெண், அதைக் குடிக்கும் விருந்தாளியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அளவு மீறினால் அவரே குவளையை எடுத்துவைக்க முடியும். தோட்டத்தில் கள் இறக்கியவர் கூலிக்காரர். விற்றவர் நிர்வாகத்தின் ஆள். குடித்தவர் கடனாளி. வீட்டில் காத்திருந்த பெண்ணுக்கு இந்த ஏற்பாட்டில் எந்த இடமும் இல்லை. அவர் பங்குக்கு வந்தது விளைவு மட்டுமே.

கள்ளுக்கடையை மூடச் சொன்ன தொழிலாளர்கள்

தோட்டத் தமிழர் குடியில் மூழ்கிக் கிடந்தார்கள், யாரோ வந்து திருத்தினார்கள் என்று ஒரு சித்திரம் பரவலாக உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கள்ளுக்கடையை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் தோட்டத் தொழிலாளர்களே.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான சம்பளம் இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் தவறாக நடப்பதற்கு முடிவு ஆகியவை இருந்தன. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று குடியை விடச் சொன்னார்கள், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் நடந்த எதிர்ப்பு போலீசாருடன் மோதலாக வெடித்தது. பலர் கைதாகினர். கள்ளை விட்டு ஒழுக்கமாக இருக்கிறோம் என்று சொன்ன தொழிலாளர்கள் மீது தடியடி நடந்ததை இன்றைய தலைமுறையில் எத்தனை பேர் அறிவார்கள்?

இந்தப் போராட்டங்களை வெறும் ஒழுக்கப் பிரசாரமாகப் பார்க்க முடியாது. சம்பள உயர்வும் கள்ளுக்கடை மூடலும் ஒரே பட்டியலில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. உயர்த்திக் கொடுக்கும் சம்பளம் கடை வழியாகத் திரும்பிப் போனால் உயர்வுக்கு என்ன பொருள் என்று அந்தத் தொழிலாளர்கள் கணக்குப் பார்த்திருந்தார்கள்.

கள் போய்ச் சம்சு வந்தது

தோட்டக் கள்ளுக்கடைகள் காலப்போக்கில் குறைந்தன. இன்று உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நாட்டின் சில இடங்களில் மட்டும் எஞ்சி நிற்கின்றன. தோட்டங்களே துண்டாடப்பட்டு, மேம்பாட்டுக்குப் போய், மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள்.

குடி மட்டும் அவர்களோடு வந்தது. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. மலிவான, கடுமையான மது சிறு புட்டிகளில் மளிகைக் கடையிலேயே கிடைத்தது. கள்ளை விடப் பல மடங்கு போதை, கெட்டுப்போகாது, சட்டைப் பையில் அடங்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. கள்ளுக்கடைக்காவது திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று ஒன்று இருந்தது. சம்சுவுக்கு அதுவும் இல்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21 ஆனது. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. கலவைக் கடும் மதுவைச் சிறு புட்டிகளில் விற்க முடியாதபடி 700 மில்லிலிட்டர் என்ற குறைந்தபட்ச அளவும் வகுக்கப்பட்டது. கோலாலம்பூரில் 2021 அக்டோபர் முதல் மளிகைக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் கடும் மது விற்பனைக்கு மாநகர மன்றம் தடை விதித்தது. மது அருந்தி வாகனம் ஓட்டுவோருக்கான தண்டனைகள் 2020இல் கடுமையாக்கப்பட்டன.

இடையில் 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அண்டைப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நேற்று நம் தாத்தாக்கள் இருந்த இடத்தில் இன்று நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் மியன்மார்க்காரர்களும் இருக்கிறார்கள். குறைந்த கூலி, குடும்பம் பக்கத்தில் இல்லை, மலிவு மது. இனம் மாறியிருக்கிறது, சூழல் மாறவில்லை. குடி என்பது ஓர் இனத்தின் இரத்தத்தில் ஊறியது என்று சொல்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

கடந்த ஆண்டு நவம்பர் 1 முதல் மது மீதான கலால் வரி 10 விழுக்காடு உயர்ந்துள்ளது. விலை ஏறினால் குடி குறையும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. அதே நேரத்தில், வரி கட்டிய மதுவுக்கும் கடத்தல் மதுவுக்கும் இடையே விலை இடைவெளி கூடினால், கையில் பணம் குறைந்தவர் எந்தப் பக்கம் போவார் என்ற அச்சமும் நியாயமானது. வரியோடு அமலாக்கமும் சேர்ந்து வந்தால்தான் பலன்.

மறந்துபோன தோப்பி

தமிழருக்கு மது என்றாலே இழிவு என்ற எண்ணமும் வரலாற்றுக்குப் பொருந்தாது. சங்க இலக்கியத்தில் 'தோப்பி' என்று ஒரு சொல் வருகிறது. நெல்லால் வீட்டில் சமைத்த கள் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். இன்று பெனாம்பாங்கில் ஒரு மூதாட்டி ஜாடியில் ஊறவைக்கும் லிஹிங்குக்கு அது மிக நெருங்கிய உறவு. அதியமான் கள் கொஞ்சமாக இருந்தால் தமக்குக் கொடுத்துவிட்டதையும், நிறைய இருந்தால் பகிர்ந்து உண்டதையும் ஔவையார் அவன் இறந்தபின் நினைத்துப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பகிர்தலின் அடையாளமாகத்தான் அங்கே கள் வருகிறது.

அதே தமிழ் மரபில்தான் திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையும் இருக்கிறது. இரண்டும் நம்முடையவை. தோட்டக் கோயில்களில் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் மதுவும் சுருட்டும் படைக்கும் வழக்கமும் நம்முடையதுதான். சாமிக்குப் படைக்கும்போது மரியாதையாக இருந்தது, கடைக்குப் போனதும் மரியாதை இழந்தது.

தமிழகத்தின் நிலைமை இதே கேள்வியை வேறு விதமாகக் காட்டுகிறது. அங்கே கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை. ஆனால் 2003 முதல் ஆலையில் செய்த மதுவை அரசு நிறுவனமான டாஸ்மாக் சில்லறையாக விற்கிறது. பனையேறிகள் கள்ளுக்கு அனுமதி கேட்டுப் போராடுகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மரத்துக் கள்ளைத் தடுத்து, புட்டி மதுவை விற்று, அதற்கும் வசதியில்லாதவர் விஷத்தைக் குடித்து மாண்டுபோகும் நிலை அது. செய்பவரும் குடிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த வட்டம் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

சபாவிலும் எல்லாம் நலமல்ல

இதைப் படித்துவிட்டுச் சபாவில் குடியால் தொல்லையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அளவுக்குறி வைத்த ஜாடி, குடிப்பவரைக் கட்டுப்படுத்துவது போலவே குடிக்க வற்புறுத்தவும் செய்யும். விருந்தாளி மறுத்தால் மரியாதைக் குறைவு என்ற சங்கடம் அங்கேயும் உண்டு. அரிசி மதுவைக் காய்ச்சி வடித்த 'மொந்தோக்கு', சரவாக்கில் 'லாங்காவ்' ஆகியவை கடும் போதை தருபவை. திருநாள் முடிந்த இரவுகளில் சாலை விபத்துகள் பற்றிய கவலை ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. கலாசாரம் என்ற பெயரில் வருடம் முழுக்கக் குடிக்க வேண்டாம் என்று அங்குள்ள சமூகத் தலைவர்களும் தேவாலயங்களும் சொல்லி வருவதும் அதனால்தான்.

மற்றொரு சிக்கல் வியாபாரம். வீட்டில் செய்து விருந்தாளிக்குக் கொடுப்பது ஒன்று. வணிகமாகத் தயாரித்து விற்பது வேறு. விற்பனைக்கு உரிமம் வேண்டும், வரி உண்டு, சுகாதார விதிகள் உண்டு. வசதியுள்ள நிறுவனம் இவற்றைச் சமாளித்து அழகான புட்டியில் துவாக்கைக் கடைக்குக் கொண்டுவரும். கிராமத்துப் பெண்ணுக்கு அது எளிதல்ல. சுற்றுலா வளர வளர, பெயர் மட்டும் கிராமத்துடையதாகவும் லாபம் வேறு இடத்திலும் போய்ச் சேரும் அபாயம் இருக்கிறது. தோட்டத் தமிழருக்கு இந்தக் கதை பழக்கமானது.

இதற்கு ஒரு பாதுகாப்பு வழி ஏற்கெனவே நாட்டில் இருக்கிறது. சரவாக் மிளகுக்கும் பாரியோ அரிசிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் விளையாத பொருளுக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. வெளிநாட்டுத் திராட்சை மதுக்கள் ஊர்ப்பெயரால் புகழ் பெற்றதும் இதே வழியில்தான். ஷாம்பேன் என்ற பெயருக்குப் பின்னால் பிரான்ஸ் நாட்டின் ஒரு வட்டாரமும் அங்குள்ள திராட்சை விவசாயிகளின் பல ஆண்டுப் போராட்டமும் இருக்கின்றன. லிஹிங்குக்கும் துவாக்குக்கும் அப்படி ஒரு காப்பு வந்தால், அது செய்பவர் கைக்குப் போக வேண்டும். புட்டியில் அடைப்பவர் கையோடு நின்றுவிடக் கூடாது.

நம் சமூகம் கேட்க வேண்டிய கேள்விகள்

பெனாம்பாங் விழாவைப் பார்த்துவிட்டு, நாமும் கள் விழா எடுக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கள்ளால் தகப்பனை இழந்த, சம்சுவால் கணவனை இழந்த பெண்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் முன்னால் கள்ளை அழகுபடுத்திக் காட்டுவது இரக்கமற்ற செயல். 1947இல் மறியல் செய்தவர்களுக்கும் அது மரியாதை ஆகாது. சபா மக்களின் மரபு அவர்களுக்கு உரியது. அதை அப்படியே நகலெடுப்பதில் நமக்கு லாபமில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் மதுவைப் பார்க்கும் விதம். யார் செய்தது, எதில் செய்தது, எப்போது குடிப்பது, எவ்வளவு குடிப்பது, பணம் யாருக்குப் போகிறது என்ற ஐந்து கேள்விகளுக்கும் அந்த வீட்டில் பதில் இருக்கிறது. நம் குடியிருப்புப் பகுதியில் விற்கும் மலிவு மதுப்புட்டியிடம் இதே ஐந்து கேள்விகளைக் கேட்டால் ஒன்றுக்குக்கூடச் சரியான பதில் வராது. செய்தவர் யாரென்று தெரியாது, உள்ளே என்ன என்பது தெரியாது, நேரமில்லை, அளவில்லை, லாபம் போகும் இடமும் தெரியாது.

குடியைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது பெரும்பாலும் குடிப்பவரின் ஒழுக்கத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1941இல் கிள்ளான் தொழிலாளர்கள் அதைத் தாண்டி யோசித்தார்கள். விற்பவர் யார், எங்கே விற்கிறார், சம்பள நாளுக்கும் கடைக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள். இன்றும் அந்தக் கேள்விகளுக்கு வேலை இருக்கிறது. ஒரு குடியிருப்புப் பகுதியில் எத்தனை கடைகளுக்கு மது உரிமம் இருக்கிறது, பள்ளிக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கிறார்களா, வரி கட்டாத புட்டி எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் குடியிருப்போர் சங்கமும் கோயில் நிர்வாகமும் ஊராட்சி மன்றத்திடமும் சுங்கத் துறையிடமும் கேட்கலாம். கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

குடியிலிருந்து மீள நினைப்பவருக்கு வழி காட்டுவதும் இதே அளவுக்கு முக்கியம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. அதை நோயாகப் பார்த்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை போடும் நேரத்தில், அப்படி அழைத்துச் செல்ல இரண்டு தொண்டர்களை நியமிக்கலாம். தொண்டர் படை என்ற பெயர் நமக்குப் புதிதல்ல.

நம் வரலாற்றைப் பதிவு செய்யும் வேலையும் பாக்கி இருக்கிறது. கள்ளிறக்கிய மரமேறிகள், கள்ளுக்கடையில் வேலை செய்தவர்கள், மறியலில் நின்றவர்கள், இரவில் கணவனைத் தேடி விளக்கோடு போன மனைவிகள் ஆகியோரில் எஞ்சியிருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். தமிழ்ப்பள்ளி மாணவர்களும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் மாணவர்களும் அவர்களை இப்போதே உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்ய வேண்டும். அவமானம் என்று மூடி வைத்தால், 'இந்தியன் என்றால் குடிகாரன்' என்று மற்றவர் சொல்லும் கதைதான் மிஞ்சும்.

இந்த மாத இறுதியில் பெனாம்பாங்கிற்கோ, அடுத்த மாதத் தொடக்கத்தில் சரவாக்கின் நீண்ட வீடு ஒன்றிற்கோ போகும் வாய்ப்புள்ளவர்கள் போய் வரலாம். குடிக்காதவர்கள் குவளையைப் பணிவாகத் தொட்டு மறுத்தால் யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை. வாகனம் ஓட்ட வேண்டியவர் தொடவே வேண்டாம். ஊற்றிக் கொடுக்கும் அம்மாவிடம் இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். அவர் தம் பாட்டியின் பெயரைச் சொல்லுவார். தோட்டத்தில் நம் தாத்தாவுக்குக் கள் ஊற்றிக் கொடுத்த கணக்கப்பிள்ளையின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை.